ஜெபசுதா எடுத்த ஒரே வகுப்பு

தூத்துக்குடியில் ஸ்பானிஷ் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால் ஒன்றரை என்று வரும். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மூன்று பேரையும் கூட்டிச் சேர்த்தால் அந்த அரை. முழு ஆள் ஜெபசுதா.

அவளைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அவள் தன் வாழ்நாளில் எடுத்த ஒரே வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் ஆறும்.

என் பெயர் கிருபை. சாத்தான்குளத்துக்காரி. மாப்பிள்ளையூரணி தாண்டி உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதில் இருபத்தாறு வருஷமாகப் பிரெஞ்சு வாத்திச்சி. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது எங்கள் தாளாளர் ஜெபசீலன் அண்ணாச்சி அமெரிக்காவில் இருக்கிற மகளைப் பார்த்துவிட்டு வந்த நாளில்தான். பள்ளிக்கூடம் அவருடையது. அவர் சொல்வதுதான் அங்கே சட்டம்.

"டீச்சர், அங்கன காய்கறிக் கடைக்காரன்கூட ஸ்பானிஷ்லதான் பேசுதான். நம்ம பிள்ளைய இனிமே பிரெஞ்சு படிச்சு என்னத்துக்கு ஆவப்போவுது?" என்றார்.

ஒரு மனுஷன் காய்கறி வாங்கப் போனதற்காக மூன்று பேர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தோம். நான், இந்தி எடுக்கிற மாரிராஜ், கம்ப்யூட்டர் எடுக்கிற மரியசெல்வி. இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஸ்பானிஷ் படித்தோம். எங்களோடு சேர்ந்து படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் எங்களைவிட வேகமாகப் பேசினார்கள். எங்களுக்கும் வழி கேட்க, சாப்பாடு வாங்க, செத்த வீட்டில் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று மூச்சு விட்டபோது அண்ணாச்சி அடுத்ததை அவிழ்த்தார். வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவரப் போகிறாராம். பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில் உயர்நிலை ஸ்பானிஷ் இலக்கியம். அதை நடத்த எங்கள் மூன்று பேருக்கும் பயிற்சி. கடைசியில் ஸ்பெயினிலிருந்து ஒரு அம்மா வீடியோவில் வந்து எங்கள் வகுப்பைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியென்றால் பாடத்துக்கு அனுமதி. இல்லையென்றால் பழையபடி பிரெஞ்சு, இந்தி, கம்ப்யூட்டர்.

ஆகவே எங்கள் மூன்று பேருக்கும் இழக்க ஒன்றும் இல்லை. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி கொடுக்க சென்னையிலிருந்து ஒருவரும் வருவதாக இல்லை. அப்போதுதான் யாரோ சொன்னார்கள், துறைமுகம் போகிற ரோட்டில் மரக்கட்டை இறக்குமதி செய்கிற ஆபீஸில் ஒரு பொம்பளை ஸ்பானிஷ் கடிதம் எழுதுகிறாள் என்று.

ஜெபசுதா நாசரேத்துக்காரி. அப்பா வாத்தியார், அம்மா வாத்திச்சி, அத்தை, சித்தப்பா எல்லாரும் வாத்தியார். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு வாத்தியார் தலையில்தான் விழும். மேல்படிப்புக்கு ஹைதராபாத் போனவள் பிரெஞ்சுக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். இடமில்லை, ஸ்பானிஷில் காலி இருக்கிறது என்றார்கள். தூக்கிக்கொண்டு போன பெட்டியைத் திருப்பித் தூக்க மனமில்லாமல் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் வருஷம் ஒரு பேராசிரியர் ஒரு கதையை வாசித்துவிட்டு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, சண்டை போட்டு, மணி அடித்த பிறகும் பேசியிருக்கிறார்கள். கடைசியில் அவர், "எனக்கும் தெரியவில்லை, நானும் ரொம்ப வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அன்றைக்கு விடுதிக்கு நடந்து வந்தபோது கால் தரையில் பாவவில்லை என்று ஜெபசுதா சொன்னாள். இப்படி ஒரு வகுப்பை நான் ஒருநாள் எடுக்க வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளுக்கு.

படிப்பு முடிந்து வந்தாள். கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஷாமுக்குத் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிற வேலை. தூத்துக்குடியில் ஸ்பானிஷ் வாத்திச்சிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஈக்வடாரிலிருந்து தேக்குத் தடி இறக்குகிற பாண்டித்துரை அண்ணாச்சிக்கு அங்கிருந்து வருகிற கடிதம் ஒன்றும் புரியவில்லை என்று ஷாம்தான் கேள்விப்பட்டு அவளைக் கொண்டுபோய் விட்டார். தற்காலிகமாகத்தான் போனாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தடியின் சுற்றளவு, நீளம், பட்டை உரித்ததா, பூச்சி அரித்ததா, எந்தக் கப்பல், என்றைக்கு. இலக்கியம் படித்தவள் எழுதிய ஸ்பானிஷ் இவ்வளவுதான். ஒருமுறை அந்தப் பக்கத்து மாலுமி ஒருவர் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். இவள் ஆசை ஆசையாக அவர் ஊர்க் கவிதை ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் பயந்துபோய், "சரக்கில் ஏதாவது குறையா?" என்று கேட்டாராம்.

வீட்டில் சமைக்கும்போது வகுப்பெடுப்பாள். பிறகு ஒருநாள் அவளைக் கூட்டிப்போக வந்தபோது ஷாம் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "அடுப்பு ஒருபக்கம் எரியும், இவ சுவத்தப் பாத்துப் பாடம் எடுத்துக்கிட்டு இருப்பா. நான் போயி நின்னாக்கூடத் தெரியாது. சுவரும் பாவம், எவ்வளவுதான் கேக்கும்?" அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

முதல் சனிக்கிழமை கஞ்சி போட்ட சேலையில், கையில் ஜெராக்ஸ் கட்டோடு வந்தாள். ஒரு கெட்டி முறுக்குப் பொட்டலமும் இருந்தது. வயதில் என்னைவிட நாலைந்து வருஷம் இளையவள், ஆனால் வகுப்பறை வாசலில் நின்றபோது முதல் நாள் வேலைக்கு வந்த பிள்ளை மாதிரி உதடு காய்ந்துபோய் இருந்தாள். கரும்பலகையை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாலு பக்கக் கதை ஒன்று கொடுத்தாள். ஒரு தீவு. அங்கே ஒரு பெண். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. அவள் ராத்திரிதோறும் மேசையில் அவனுக்கும் ஒரு தட்டு வைக்கிறாள். இப்படியே வருஷங்கள் போகின்றன. ஒருநாள் ராத்திரி அவன் தட்டிலிருந்த சாப்பாட்டை அவளே சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். கதை முடிந்தது.

"வாசிச்சிட்டீங்கல்லா? இதுல பிள்ளைகள்ட்ட என்ன கேப்பீங்கன்னு எழுதுங்க" என்றாள்.

எழுதினோம். அவள் யார்? தட்டு எங்கே இருந்தது? தீவின் பெயர் என்ன? மாரிராஜ் ஒருபடி மேலே போய் அருஞ்சொற்பொருள் எல்லாம் எழுதியிருந்தார். நான் கடைசியில், 'இக்கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? பொறுமை' என்று விடையையும் சேர்த்தே எழுதியிருந்தேன். ஞாயிறு பள்ளியில் இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். ஒரு கதையைக் கருத்துச் சொல்லாமல் முடித்தால் எனக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாத மாதிரி இருக்கும்.

ஜெபசுதா எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கேட்டாள். "இதுக்கெல்லாம் பதில் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா எழுதுவோம்?" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா பெறகு ஏன் கேக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷம் கேள்வி கேட்டே சோறு தின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவாங்க. உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியா இருக்கணும். அதான் பயிற்சி. மத்தத எல்லாம் நீங்களே பாத்துக்கிடுவீங்க" என்றாள்.

மாரிராஜ் எழுந்து நின்றுவிட்டார். "மேடம், பதில் தெரியாம வகுப்புக்குள்ள போனா பிள்ளைய நம்மள மதிக்குமா? வேட்டி இல்லாம பஜாருக்குப் போன கணக்கால்லா ஆயிரும்?"

அவள் சிரிக்கவில்லை. "தெரியாதுன்னு ஒருதரம் சொல்லிப் பாருங்களேன் சார்" என்றாள். மாரிராஜ் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. கேள்வி கொண்டுபோவோம். பதில் தெரியாத கேள்வி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். அவள், "யோசிங்க அக்கா, உங்களுக்குத் தெரியும்" என்று மெல்லப் பிடுங்கினால் பதில் வெளியே வந்துவிடும். பிடிபட்டுப் பிடிபட்டு எனக்கு மானம் போனது.

ஒரே ஒருதரம் நடந்தது. மரியசெல்விதான் காரணம். அவள் கடலோரத் திரேஸ்புரத்துப் பிள்ளை, அதிகம் பேச மாட்டாள். மேசைக்கு ஸ்பானிஷிலும் மெசா என்றுதான் பேர் என்பதற்காக அந்தக் கதையை அவளுக்குக் கொஞ்சம் பிடிக்கும். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எங்க தெருவுலயும் ஒரு அம்மா இருக்காங்க மிஸ். அவங்க வீட்டு ஆளு கடலுக்குப் போயிட்டு வரவேயில்ல. போட்டோவுக்கு மாலை போட யாரையும் விட மாட்டாங்க. சொந்தக்காரங்க எல்லாம் சண்டை போட்டுப் பாத்தாச்சு. பெறகு ஒருநா, விசேஷம் ஒண்ணும் கெடையாது, சும்மா ஒரு செவ்வாக்கெழம, அவங்களே போயி மாலை வாங்கிட்டு வந்து போட்டுட்டாங்க."

"ஏன் அன்னைக்கு?" என்றாள் ஜெபசுதா.

"தெரியாது மிஸ். கேட்டதில்ல. அத எப்பிடிக் கேக்க?"

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பொறுமையாவது கருத்தாவது, ஒன்றும் தோன்றவில்லை. அந்த அம்மா பூக்கடையில் நின்று மாலைக்கு விலை கேட்டது மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது. ஜெபசுதா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதான். இத மட்டும் பிடிச்சுக்கிடுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். அன்றிலிருந்துதான் நான் அவளை மேடம் என்பதை விட்டுவிட்டு, எங்கள் ஊரில் தோழிகளைக் கூப்பிடுகிற மாதிரி ஏளா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

மே மாதம் நெருங்கியபோது ஒரு சனிக்கிழமை அவள் தாமதமாக வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னளா என்றேன்.

"ஆபீஸ்ல அண்ணாச்சி போன்ல தமிழ்ல பேசுதாங்க அக்கா. அந்த போனே ஸ்பானிஷ்ல கடுதாசி எழுதி அனுப்பிருது. மொத மொத எனக்குத்தான் காட்டினாங்க. பாத்தியாம்மா, இனிமே நீ கஷ்டப்பட வேண்டாம்னு சந்தோசமாச் சொல்லுதாங்க."

"தப்புத் தப்பா எழுதியிருக்குமே?"

"ஒரே ஒரு தப்பு. அதையும் நானே திருத்திக் குடுத்துட்டேன்" என்றாள்.

அந்த மாதக் கடைசியோடு அவளுக்கு அங்கே வேலை இல்லை. இனி இருப்பது இந்தப் பள்ளிக்கூடம் மட்டும்தான். அனுமதி கிடைத்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பை நீயே எடு என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். கிடைக்காவிட்டால், இந்த வயதில், இந்த ஊரில், அந்த மொழியை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? கட்டையில் போகும்வரை சுவரோடுதான் பேச வேண்டும். அதை நினைத்து எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மாரிராஜுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மறுநாள் அவரே போன் போட்டார்.

"அக்கா, நம்மளால அந்தம்மா பொழப்பு போயிரக் கூடாது. இன்ஸ்பெக்ஷன் மாதிரி பண்ணிருவோம்."

இன்ஸ்பெக்ஷன் மாதிரி என்றால் எங்கள் பக்கத்து வாத்தியார்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதிகாரி வருகிற அன்றைக்குப் புதுப் பாடம் எடுப்பது மாதிரி, ஏற்கெனவே நடத்திய பாடத்தை எடுப்போம். எந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளை என்பது முன்னமே முடிவாகியிருக்கும். கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்கும். பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்கும், தெரியாத பிள்ளை இடது கையைத் தூக்கும். வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரிக்கு எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். நான் படிக்கும்போதும் இப்படித்தான், நான் வாத்திச்சியாக வந்த பிறகும் இப்படித்தான். இதில் ஒருத்தர் குடியும் கெட்டதில்லை.

ஜெபசுதாவுக்குத் தெரியாமல் பிள்ளைகளைத் தயார் செய்தோம். அந்தத் தீவுப் பெண் ஏன் அன்றைக்குச் சாப்பிட்டாள் என்பதற்கு ஆளுக்கொரு பதில் எழுதிக் கொடுத்தோம். ஒருத்தி கோபத்தால் என்பாள், ஒருவன் பசியால் என்பான். ஜெபசுதாவுக்குப் பிடிக்குமே என்று ஒரு பையனுக்கு, 'எனக்குத் தெரியவில்லை, இன்னும் யோசிக்கிறேன்' என்பதையும் மனப்பாடம் செய்யக் கொடுத்தோம். அதை அவன் இரண்டு இடத்தில் திக்கினான். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துச் சரி செய்தோம். மரியசெல்வி மட்டும், "இது வேண்டாம் அக்கா" என்றாள். சும்மா இரு பிள்ளை என்று அவள் வாயை நான்தான் அடைத்தேன்.

அந்த நாள் வந்தது. திரையில் ஸ்பெயின் அம்மா. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். நல்ல முகம். தாளாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு முன் நாற்காலியில் இருந்தார். ஒரு சொல்லும் புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஜெபசுதா ஜன்னலோரம் நின்றாள். விரல்களைப் பின்னிக்கொண்டு நின்ற நிற்பில் எனக்குத் தெரிந்தது, அவள் ஜெபம் பண்ணுகிறாள்.

மாரிராஜ் ஆரம்பித்தார். "அந்தப் பெண் ஏன் அன்றைக்குச் சாப்பிட்டாள்?" என்று ஸ்பானிஷில் கேட்டார். பத்துக் கைகளும் மேலே போயின. கோபம் என்றாள் ஒருத்தி. பசி என்றான் ஒருவன். தெரியவில்லை, யோசிக்கிறேன் என்று அந்தப் பையன் திக்காமல் சொன்னான். ஸ்பெயின் அம்மா எழுதிக்கொண்டே சிரித்தார். ஜெபசுதா முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தேன். அவள் நம்பிவிட்டாள். தன் மூன்று மாதப் பாடு காய்த்துவிட்டது என்றே அவள் நம்பிவிட்டாள்.

அப்போது ஸ்பெயின் அம்மா, "ஓரத்தில் இருக்கிற பெண், நீ வெகுநேரமாகக் கை தூக்கியிருக்கிறாயே, நீ சொல்" என்றார்.

அது ஐஸ்வர்யா. தூக்கியிருந்தது இடது கை. அவள் மாரிராஜைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, நான் இடது கை" என்றாள்.

"அதனால் என்ன?" என்றார் அவர்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, விளக்கிச் சொன்னது. வலது கை என்றால் என்ன, இடது கை என்றால் என்ன, யார் யாருக்கு எந்தப் பதில். ஒரு தப்பில்லாமல், அழகான ஸ்பானிஷில். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை சொந்தமாகப் பேசியது அது ஒன்றுதான். தாளாளர் அதற்கும் தலையை ஆட்டி, "வெரி குட்" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். ஜெபசுதா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பெயின் அம்மா கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இன்னும் அரை மணி இருக்கிறது. பயிற்சி கொடுத்தவரே வகுப்பை எடுக்கட்டும். அவருக்கு இந்த வகுப்பை நடத்தத் தெரியுமென்றால் ஆசிரியர்கள் போகப் போகக் கற்றுக்கொள்வார்கள். அனுமதிக்கு நான் எழுதுகிறேன்" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. இதைவிட என்ன வேண்டும்? இதற்காகத்தானே அவள் இத்தனை வருஷம் மரக்கட்டைக் கணக்கு எழுதிக்கொண்டு காத்துக் கிடந்தாள்?

ஜெபசுதா முன்னால் வந்தாள். கரும்பலகையை ஒழுங்காகத் துடைத்தாள். பிள்ளைகளைப் பார்த்து நின்று அதே கேள்வியைக் கேட்டாள். "அவள் ஏன் அன்றைக்குச் சாப்பிட்டாள்?"

ஒரு கையும் எழும்பவில்லை. பட்ட அவமானத்தில் பிள்ளைகள் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அமைதி. நல்ல அமைதிதான் அது, மரியசெல்வி மாலையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு இருந்ததே, அந்த அமைதி. ஐஸ்வர்யாவின் உதடு லேசாகப் பிரிந்தது. ஏதோ சொல்லப் போகிறாள். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

ஜெபசுதாவால் பொறுக்க முடியவில்லை. "ஒருவேளை..." என்று அவளே ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் மேசையைப் பற்றிச் சொன்னாள், தட்டைப் பற்றி, உப்பைப் பற்றி, காத்திருப்பவர்களுக்கு ஏற்படுகிற வெட்கத்தைப் பற்றிச் சொன்னாள். அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. பாதிதான் எனக்குப் புரிந்தது, அந்தப் பாதிக்கே உடம்பு சிலிர்த்தது. அதே நேரத்தில் எனக்கு அழுகையாக வந்தது. நிறுத்துளா, அந்தப் பிள்ளை வாயைத் திறக்குது பாரு, நிறுத்துளா என்று உள்ளுக்குள் கத்தினேன். ஐஸ்வர்யா மறுபடியும் வாயைத் திறந்தாள், மூடினாள். நான் இருமினேன். மாரிராஜ் வேண்டுமென்றே டஸ்டரைக் கீழே போட்டார். ஜெபசுதாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் பிள்ளைகளைப் பார்க்கவேயில்லை. அவர்கள் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். எந்தச் சுவர் முன்னால் நின்றாலும் அது அவளுக்கு அடுப்படிச் சுவர்தான். சுவர் ஒருநாளும் குறுக்கே பேசாது.

மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து நன்றி சொன்னார்கள். ஸ்பெயின் அம்மா, இவ்வளவு நல்ல ஸ்பானிஷை இந்தியாவில் கேட்டதில்லை என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த இரக்கம் எனக்குப் புரிந்தது, ஜெபசுதாவுக்குப் புரியவில்லை. சாயங்காலம் வந்த அறிக்கையில் இரண்டே வரிகள்தான். பயிற்சியாளரின் மொழியும் புலமையும் மிக உயர்ந்தவை. வகுப்பில் மாணவர்கள் பேசி நான் கேட்கவில்லை. தாளாளர், "பிரெஞ்சே இருக்கட்டும் டீச்சர், அதுவும் நல்ல பாஷதான்" என்று சொல்லிவிட்டார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரு மயிரிழையும் நஷ்டமில்லை.

ஆனால் அறிக்கை வருவதற்கு முன்னால், வெயிலில், பள்ளிக்கூட வாசல் பஸ் நிறுத்தத்தில் நானும் அவளும் நின்றிருந்தோம். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாண வீட்டிலிருந்து வந்தவள் மாதிரி ஜொலித்தது. நாங்கள் செய்த கூத்துக்கு இரண்டு வார்த்தை திட்டுவாள் என்று பார்த்தேன். அது அவள் நினைவிலேயே இல்லை.

"அக்கா, என்ன வகுப்பு! கடைசில ஒரு வகுப்பு எடுத்துட்டேன் பாத்தீங்களா? பிள்ளைய கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருந்துச்சுல்லா?"

"ஆமாளா" என்றேன்.

"அந்த உப்பப் பத்திச் சொன்னேன் பாத்தீங்களா, அது நான் யோசிச்சே வைக்கல. அங்கன நிக்கும்போது வந்துச்சு."

உப்பளத்து வெயிலில் கண் கூசியது. லாரி ஒன்று தேக்குத் தடிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகப் பக்கமிருந்து வந்து எங்களைக் கடந்து போனது. அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எதையோ தேடுகிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, நான் அந்தக் கேள்வி கேட்டேன்லா? பிள்ளைய என்ன சொல்லுச்சு?"

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

"ஐஸ்வர்யா என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. சொன்னாளா? இல்ல... நான் பேசிக்கிட்டேவா இருந்தேன்?"

அவள் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே எனக்குப் பதில் இவ்வளவு நன்றாகத் தெரிந்த கேள்வி வேறு கிடையாது. நாக்கு நுனியில் இருந்தது. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்த பழக்கம் எனக்கு ஜென்மத்தில் இல்லை. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"தெரியாதுளா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவள் முகத்திலிருந்த வெளிச்சம் போவதை நான் நின்று பார்த்தேன்.

"மூணு மாசமா இந்த ஒரு வார்த்தையத்தான் உங்ககிட்டக் கேட்டேன் அக்கா. இன்னைக்குச் சொல்லுதீங்க" என்றாள்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஜெபசுதா ஏறவில்லை.